உடனடி உணவுப் பாக்கெட்டைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்: முழுமையான வழிகாட்டி

கொதிநீரில் சில நிமிடம் போட்டால் தயாராகும் சாம்பார் சாதம், கல்லில் போட்டு எடுத்தால் போதும் என்கிற பரோட்டா, கடைக் குளிர்பெட்டியில் அடுக்கியிருக்கும் இட்லி மாவு, வெந்நீர் ஊற்றினால் உப்புமா ஆகிவிடும் கோப்பை. இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளிலும் விடுதிகளிலும் தனியாக வாழும் முதியவர்களிடத்திலும் இவை அன்றாட உணவாகிவிட்டன. இவற்றை வாங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சமைக்க நேரமில்லாதவருக்கும் தான் உண்பது என்ன என்று அறியும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

பாக்கெட்டின் முன்பக்கம் நிறுவனம் விரும்பிச் சொல்வது; பின்பக்கம் சட்டம் அதைச் சொல்ல வைப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அந்த நிறுவனத்தை நம்பலாம். நான் பொருள் வாங்கும்போது வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

இந்தியாவில் இதற்கு அடிப்படையாக இருப்பவை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், அதன் கீழ் வந்த 2018-ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிகள், 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள். விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருந்தால் போதும். மாநில மொழி கூடுதலாக இருக்கலாம், கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் விற்கும் உணவில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அறிய முடியாது என்பது நியாயமே இல்லை. அது மாறும்வரை, உறையில் காணும் ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

படி 1: செய்தவர் யார்?

உறையில் பெரிதாக இருக்கும் பிராண்டு பெயர், உணவைத் தயாரித்தவரின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. "மேனுஃபேக்சர்டு பை" என்ற வரியும் "மார்க்கெட்டட் பை" என்ற வரியும் தனித்தனியாக இருந்தால், செய்தவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கை மாற மாற, பொறுப்பு யாருடையது என்பது மங்கும்.

2013-இல் ஐரோப்பாவில் நடந்தது இதற்குச் சரியான சான்று. அந்த ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி என்று விற்ற பர்கர்களில் குதிரை இறைச்சியின் மரபணு இருப்பதாக அறிவித்தது. பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் விற்ற ஒரு பர்கரில் இறைச்சியில் 29 சதவீதம் குதிரையினுடையது. அடுத்த மாதம் ஃபின்டஸ் நிறுவனத்தின் மாட்டிறைச்சி லசானியாவைச் சோதித்தபோது, சில மாதிரிகளில் இருந்தது முழுக்கக் குதிரை இறைச்சி. அந்த லசானியாவை ஃபின்டஸ் செய்யவில்லை. லக்சம்பர்க்கில் இருந்த வேறொரு நிறுவனத்தின் ஆலை செய்தது. இறைச்சியோ ருமேனியாவில் புறப்பட்டு, நாடு விட்டு நாடு இடைத்தரகர்கள் கை மாறி, பிரான்சு வழியாக அங்கே வந்து சேர்ந்திருந்தது. எங்கோ ஓரிடத்தில் காகிதத்தில் "குதிரை" "மாடு" ஆனது. அந்த இறைச்சியால் பெரும்பாலோருக்கு உடல்நலக் கேடு எதுவும் வரவில்லை. இருந்தும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். லேபிள் பொய் சொன்னது என்பதே காரணம்.

நம் பாக்கெட்டில் தேட வேண்டியது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் முத்திரையும் அதன் அருகே இருக்கும் 14 இலக்க எண்ணும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சிறு வணிகர்களுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும், தமிழ்நாட்டுக்கு 24. மத்திய உரிமம் என்றால் அங்கே 00 இருக்கும். நான்காவதும் ஐந்தாவதும் ஆண்டு. அதாவது 12421 என்று தொடங்கினால், தமிழ்நாட்டில் 2021-இல் பெற்ற உரிமம். ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் இந்த எண்ணை இட்டுத் தேடினால் நிறுவனத்தின் பெயரும் உரிமத்தின் நிலையும் தெரியும். உறையில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் வேறாக இருந்தால் அந்தப் பொருளை வாங்க வேண்டாம். உரிம எண் தொழில் நடத்துவதற்கான அனுமதி மட்டுமே. அதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

படி 2: மூலப்பொருள் பட்டியலின் முதல் மூன்று பெயர்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். "இன்கிரீடியன்ட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பொருள்கள், தயாரிக்கும்போது சேர்த்த எடையின் இறங்குவரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. மிகுதியாக இருப்பது முதலில் வரும். ஆகவே முதல் மூன்று பெயர்கள்தான் அந்த உணவு.

சிறுதானிய நூடுல்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடை அலமாரிகள் தினை, சாமை, கேழ்வரகுப் படங்களால் நிறைந்துவிட்டன. பின்பக்கத்தைத் திருப்பினால் பட்டியலின் தொடக்கத்தில் "வீட் ஃப்ளவர்" என்றோ "ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்" என்றோ இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது சொன்னது மைதா. "மல்டிகிரெயின்", "ஆட்டா" என்று பெயர் சூடிய பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் இதே சோதனைதான்.

அடுத்து சதவீதம். பலருக்குத் தெரியாத, வாங்குகிறவருக்கு மிகவும் பயன்படும் விதி இது. ஒரு கலவை உணவில் ஏதாவது ஒரு பொருளைச் சொல்லாலோ படத்தாலோ முன்னிறுத்தினால், அது எத்தனை சதவீதம் சேர்க்கப்பட்டது என்று உறையில் சொல்லியாக வேண்டும். முன்பக்கத்தில் பனீர் கட்டிகள் மிதக்கும் படம் இருந்தால், பின்பக்கத்தில் "பனீர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். 300 கிராம் பாக்கெட்டில் பனீர் 12% என்றால் 36 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை. படத்தில் கோழித் துண்டும் முந்திரியும் பளபளக்க, பட்டியலில் அவற்றுக்குச் சதவீதமே இல்லாமல் இருந்தால், அந்த நிறுவனம் விதியை மீறுகிறது. இரண்டு நிறுவனங்களின் ஒரே உணவை ஒப்பிட இதைவிட நல்ல எண் இல்லை. விலையையும் இந்தச் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மலிவு என்ற கணக்கே சில நேரம் மாறிவிடும்.

எண்ணெயின் பெயரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. "பாமோலின்" என்றால் பனை எண்ணெய். "ஹைட்ரஜனேட்டட்" என்றும் "இன்டரெஸ்டரிஃபைடு" என்றும் வருபவை கெட்டியாக்கிய கொழுப்புகள். பரோட்டாவிலும் பிஸ்கெட்டிலும் அடிக்கடி காணலாம். 2022 ஜனவரி முதல் உணவில் உள்ள எண்ணெய், கொழுப்பில் தொழிற்சாலை வழி டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும், இதயத்துக்குக் கேடான கொழுப்பு) 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்துவிட்டதால் பழைய அச்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது.

நெய்ப் பொங்கல் என்ற பெயரும், பட்டியலில் சூரியகாந்தி எண்ணெய்க்கு வெகு பின்னால் நெய்யும் இருந்தால், சந்தேகப்பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

படி 3: ஐ.என்.எஸ். எண்கள்

பட்டியலின் கடைசியில் வரும் எண்களைக் கண்டு மிரள வேண்டாம். அவை உணவில் சேர்க்கும் துணைப்பொருள்களுக்கான சர்வதேச எண்கள். 330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பதே. 412 கொத்தவரை விதைப் பிசின். 211-உம் 202-உம் கெடாமல் காப்பவை. 102, 110 செயற்கை நிறங்கள். 150 என்று தொடங்குவது கேரமல் நிறம். 621 மோனோசோடியம் குளுட்டமேட். 627, 631, 635 ஆகியவை அதே சுவையைத் தூக்கிக் காட்டும் துணைகள். எண் இருப்பதாலேயே உணவு நஞ்சாகிவிடாது. எதை எந்த அளவுவரை சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: குழம்புக்கு நிறம் மிளகாயிலிருந்து வந்ததா, குப்பியிலிருந்து வந்ததா என்பதை இந்த எண்கள் காட்டிக்கொடுக்கின்றன.

படி 4: "பெர் சர்வ்" என்ற சொல்லைக் கவனியுங்கள்

ஊட்டச்சத்து அட்டவணையில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று 100 கிராமுக்கு. மற்றொன்று ஒரு பரிமாறலுக்கு. பரிமாறல் அளவை நிறுவனமே முடிவு செய்கிறது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 கிராம் பிரியாணிப் பாக்கெட் ஒன்று. சோடியம் 100 கிராமுக்கு 450 மில்லிகிராம். ஒரு பரிமாறல் 100 கிராம் என்று நிறுவனம் வைத்துக்கொண்டால், "ஒரு நாள் தேவையில் 22.5%" என்று அட்டவணை சொல்லும். கேட்பதற்குச் சாதுவாக இருக்கிறது. ஆனால் பிரியாணியை மூன்றில் ஒரு பங்கு சாப்பிட்டுவிட்டு மூடி வைப்பவர் யார்? முழுப் பாக்கெட்டுக்கு 1350 மில்லிகிராம் சோடியம். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: ஏறக்குறைய 3.4 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் கீழ். மதியச் சாப்பாட்டிலேயே மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஊறுகாயும் அப்பளமும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இந்தச் சதவீதங்களுக்கெல்லாம் அடிப்படையாக விதியில் இருப்பவை: ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். இவற்றைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் முதலில் சோடியம் வரி, சர்க்கரை நோய் என்றால் "டோட்டல் கார்போஹைட்ரேட்", "ஆடட் ஷுகர்ஸ்" வரிகள். மற்றவை அப்புறம்.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கணக்கின் ஒரு பகுதி எளிதாகியிருக்கிறது. அங்கே 2016 முதல் பானங்களில் சர்க்கரை அளவுக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட வேண்டும். 100 மில்லிலிட்டரில் 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. சிலியில் அதே 2016 முதல் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவின் முகத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை. இந்தியாவில் 2022-இல், உணவின் தரத்துக்கேற்ப உறையின் முன்பக்கத்தில் நட்சத்திரம் தரும் முறைக்கு வரைவு விதி வந்தது. உச்ச நீதிமன்றம் 2025-இல் முன்பக்க எச்சரிக்கை பற்றி முடிவெடுக்கச் சொல்லிக் காலக்கெடு விதித்தது. நட்சத்திரத்தை நான் ஆதரிக்கவில்லை. கொஞ்சம் நார்ச்சத்தைச் சேர்த்து உப்பின் குறையை ஈடுகட்டி இன்னொரு நட்சத்திரம் வாங்கிவிட முடியும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரிகிற எச்சரிக்கைக் குறிதான் நேர்மையானது.

படி 5: இப்போது முன்பக்கத்துக்கு வாருங்கள்

பின்பக்கம் தெரிந்த பிறகு முன்பக்க வாசகங்களைப் படித்தால் அவற்றின் நிறம் தெரிந்துவிடும்.

"நோ பிரிசர்வேட்டிவ்ஸ்" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அறை வெப்பத்தில் மாதக் கணக்கில் இருக்கும் சாதப் பாக்கெட்டில் பாதுகாப்புப் பொருள் இல்லை என்றால் அது பெரும்பாலும் உண்மைதான். பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலிபுரோப்பிலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டிய உறையில் உணவை இட்டு, காற்றை நீக்கி மூடி, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். ரிட்டார்ட் என்று பெயர். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கொடிய கிருமியின் வித்துகளும் அந்தச் சூட்டில் அழிகின்றன. மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம் நம் படைவீரர்களுக்காக இந்த முறையில் நம் ஊர் உணவுகளை உருவாக்கியது. ஆக, இந்த வகை உணவுக்குப் பாதுகாப்புப் பொருள் பெரும்பாலும் தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்றைச் சேர்க்காததைத் தனிப் பெருமையாகக் கொண்டு கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

"நோ ஆடட் எம்.எஸ்.ஜி." (மோனோசோடியம் குளுட்டமேட் சேர்க்கவில்லை) என்ற வாசகத்தின் கதை எல்லாருக்கும் நினைவிருக்கும். 2015 ஜூன் 5 அன்று மேகி நூடுல்ஸைத் திரும்பப் பெற ஆணையம் உத்தரவிட்டது. ஈயம் பற்றிய குற்றச்சாட்டோடு இந்த வாசகமும் அதில் ஒரு காரணம். தாங்கள் அந்த உப்பைத் தனியாகச் சேர்க்கவில்லை, மூலப்பொருள்களில் இயல்பாகவே குளுட்டமேட் இருக்கிறது என்றது நிறுவனம். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. அந்தச் சோதனைகளில் ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் விற்பனை மீண்டும் தொடங்கியது. அந்த வாசகத்தை மட்டும் நிறுவனமே கைவிட்டது. எழுத்தளவில் பிழையில்லாத ஒரு வரி, வாங்குகிறவர் மனத்தில் பிழையான எண்ணத்தை விதைக்க முடியும் என்பதற்கு இது போதும். "ஆடட்" என்ற சொல் எங்கே வந்தாலும் ஒரு கணம் நின்று படியுங்கள்.

"ஹோம் மேட்", வீட்டுச் சமையல் என்று தவறான எண்ணம் தரும் சொற்களை ஆலைத் தயாரிப்பில் பயன்படுத்தக் கூடாது என்று 2018 விதிகள் சொல்கின்றன. "நேச்சுரல்", "ஃபிரெஷ்", "டிரெடிஷனல்", "ஒரிஜினல்" போன்றவற்றுக்கு நிபந்தனைகள் உண்டு. பிராண்டு பெயரிலேயே அப்படி ஒரு சொல் இருந்தால், "இது பெயர் மட்டுமே, இயல்பைக் குறிக்காது" என்ற பொருளில் ஒரு வரி உறையில் இருக்க வேண்டும். அந்தச் சிறு எழுத்து வரியைத் தேடிப் பிடியுங்கள். இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அடர்த்தியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்த பானங்களில் "100% பழச்சாறு" என்று போடுவதை 2024 ஜூனில் ஆணையம் நீக்கச் சொன்னது. அதுவரை எத்தனை குழந்தைகளின் சாப்பாட்டுப் பையில் அது பழம் என்ற நம்பிக்கையில் போயிருக்கும்!

படி 6: ஒவ்வாமை இருப்பவர் வீட்டில் இதை முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள்

"கன்டெய்ன்ஸ்" என்று தொடங்கும் வரியில் குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை போன்ற தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். "மே கன்டெய்ன்" என்றால் அதே ஆலையில் தற்செயலாகக் கலந்திருக்கலாம் என்று பொருள்.

இந்தியப் பட்டியலில் எள்ளும் கடுகும் இல்லை. ஐரோப்பியப் பட்டியலில் இரண்டும் உண்டு. எள் எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதை 2016-இல் பிரிட்டன் கண்டது. 15 வயது நடாஷா எட்னன்-லாபெரூஸ் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியின் மாவில் எள் கலந்திருந்தது; உறையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; அந்தப் பெண் இறந்துபோனாள். 2021 அக்டோபர் முதல், கடையிலேயே செய்து உறையிட்டு விற்கும் உணவிலும் முழுப் பட்டியல் இருக்க வேண்டும் என்ற சட்டம் அவள் பெயரால் அழைக்கப்படுகிறது. நல்லெண்ணெயும் எள்ளுப்பொடியும் கடுகுத் தாளிப்பும் இல்லாமல் நம் சமையலே இல்லை. பட்டியலில் "ஸ்பைசஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் கடுகு ஒளிந்திருக்க முடியும். இவற்றால் ஒவ்வாமை உள்ளவர்கள் "கன்டெய்ன்ஸ்" வரியோடு நிற்காமல் முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும். ஐயமிருந்தால் நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும்.

சைவ, அசைவக் குறி பெரும்பாலோருக்குத் தெரியும்: சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துள் முன்பு வட்டம் இருந்தது. 2020 விதிகள் அதை முக்கோணமாக்கின. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு நல்ல மாற்றம்.

படி 7: தேதியும் உறையும்

"யூஸ் பை" அல்லது "எக்ஸ்பயரி" தேதி கட்டாயம். அதைத் தாண்டிய உணவை உண்ணக் கூடாது. "பெஸ்ட் பிஃபோர்" சுவையும் தரமும் நன்றாக இருக்கும் காலம். இணையத்தில் வாங்கும்போது, வந்து சேரும் நாளில் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மீதமிருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணையம் விற்பனைத் தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அப்படி இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

உப்பிய ரிட்டார்ட் உறையை வாங்காதீர்கள். வாங்கிய பின் உப்பியிருந்தால் வாயில் வைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். உறைநிலைப் பரோட்டாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பனிக்கட்டி படிந்திருந்தால், வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

தெருமுனைக் கடையில் ரப்பர் பேண்டு போட்டு விற்கும் மாவுக்கு இந்தப் படிகள் எதுவும் பொருந்தாது, ஏனென்றால் படிக்க அங்கே எதுவுமே இல்லை. அரைத்த நாள், உரிம எண், எடை மூன்றையும் ஒரு சிறு தாளில் ஒட்டச் சொல்லி அந்தக் கடைக்காரரிடமே கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்ததில் பலர் கோபப்படவில்லை. அரைத்த நாளை மட்டுமாவது சிலர் பேனாவால் எழுதித் தருகிறார்கள். அவர்களிடம்தான் நான் மாவு வாங்குகிறேன்.

படி 8: ஒத்துப்போகாவிட்டால்

உறையை எறியாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், தொகுதி எண் எனப்படும் "பேட்ச் நம்பர்", தேதி, ரசீது எல்லாவற்றையும் படமெடுங்கள். முதலில் உறையில் உள்ள வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு எழுதுங்கள். "படத்தில் முந்திரி இருக்கிறது, பட்டியலில் அதன் சதவீதம் இல்லை, ஏன்?" என்பதுபோல் ஒரே ஒரு கேள்வி, தெளிவாக. அவர்கள் தரும் பதிலை வைத்தே அந்த நிறுவனத்தை எடைபோட்டுவிடலாம்.

பதில் வராவிட்டால் ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் செய்யலாம். அது உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களிடம் போகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தவறான லேபிளுக்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரையும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

பலரும் அறியாதது 40-ஆவது பிரிவு. வாங்கும் எவரும் உரிய கட்டணம் கட்டி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் உணவைச் சோதிக்கக் கொடுக்கலாம். சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு சட்டத்துக்கு முரணாக இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். தமிழ்நாட்டில் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. தனியொருவர் செய்வது சிரமம் என்றால் குடியிருப்போர் சங்கமாகவோ கல்லூரி நுகர்வோர் மன்றமாகவோ செய்யலாம்.